மின்னஞ்சல் மாற்றம்: ஒரு நிர்வாகியின் விண்ணப்பம்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் பணித்தபொழுது யான் சிறிது தயங்கினேன். இலக்கியமும் வரலாறும் வல்லார் எழுதும் இப்பகுதியிலே, பகலெல்லாம் கணினியின் முன் அமர்ந்து பிறருடைய கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் தொழில் புரியும் பழைய மாணவன் ஒருவன் கூறத்தக்கது யாதுளது என்பதே அத்தயக்கத்தின் காரணம். ஆயினும், எங்குச் சென்றாலும், நண்பர் கூட்டத்திலும் சரி, அலுவலகத்திலும் சரி, "உங்கள் மெயில் சர்வரை எப்பொழுது மாற்றப்போகிறீர்?" என்னும் கேள்வி என்னை விடாது தொடர்கின்றமையின், அதற்குரிய விடையை ஒருமுறை விரிவாக எழுதிவிடுதல் நலமென்று துணிந்தேன்.

முதற்கண் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். யான் மாற்றத்துக்குப் பகைவன் அல்லேன். பொழிச்சலூரில் குடியிருந்து, பம்மலை அடுத்துத் தோற்பொருள் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்திலே பதினெட்டு ஆண்டுகளாகக் கணினிப் பகுதியைக் கவனித்து வருகிறேன். இக்காலத்துள் எங்கள் மெயில் சர்வரின் மென்பொருளை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். ஒருமுறை நன்றாகவும், ஒருமுறை சுமாராகவும், ஒருமுறை மிக மோசமாகவும். இங்குக் கூறும் அபிப்பிராயங்களிற் பெரும்பாலன அந்த மோசமான முறை கற்பித்தவை.

இக்கேள்வி இப்பொழுது வலுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மத்திய அரசாங்கத்தின் மின்னஞ்சலை, 1976-இல் நிறுவப்பெற்ற தேசியத் தகவலியல் மையம் நெடுங்காலமாக நடத்தி வந்தது. 2023-இல் அம்மின்னஞ்சற் சேவைக்கான ஒப்பந்தம் ஜோஹோ நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 12 லட்சம் அரசாங்க ஊழியரின் அஞ்சற்பெட்டிகள் அந்நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பெற்றன என்னும் செய்தி 2025 அக்டோபரில் வெளியாயிற்று. உள்துறை அமைச்சர் அமித் ஷா அம்மாதம் 8-ஆம் தேதி தாமும் அவ்வஞ்சலுக்கு மாறியதாக அறிவித்தார். ஜோஹோவோ நமக்கு அயலது. 1996-இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம் அது; தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர் கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் அதன் வளாகத்தை அடைவர். ஆதலின் நம் ஊர்ப்புறத்தில் இச்செய்தி பெருமையோடு பேசப்பட்டது. "டில்லியே மாறிவிட்டது, பம்மல் ஏன் தயங்குகிறது?" என்று எங்கள் இளைய அலுவலர்கள் வினவுகின்றனர்.

நல்ல வினாவே. ஆனால் டில்லி மாறியது என்பதை மட்டும் கண்டவர், டில்லி எவ்வாறு மாறியது என்பதைக் காணவில்லை. ஒப்பந்தம் 2023-இல், செய்தி பரவியது 2025-இல். மேலும், ஊழியரின் முகவரிகள் 'நிக்.இன்' என்றும் 'கவ்.இன்' என்றும் முன்பிருந்தவாறே இருந்தன. கடிதம் எழுதுவோர்க்கு யாதொரு வேறுபாடும் தெரியவில்லை. வேறொரு நாட்டிலும் அண்மையில் இத்தகைய காரியம் நிகழ்ந்தது. ஜெர்மனியின் வடகோடியிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தார், மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்ச் என்னும் மென்பொருளை விடுத்துத் திறமூல மென்பொருளுக்கு மாறினர். 40,000-க்கு மேற்பட்ட அஞ்சற்பெட்டிகள். 10 கோடிக்கு மேற்பட்ட கடிதங்களும் நாட்குறிப்புகளும். அதற்கு ஆறு மாதம் பிடித்தது. 2025 அக்டோபர் தொடக்கத்தில் முடிந்தது என்று அறிவித்தனர். இடையிலே அலுவலரிடமிருந்து முறையீடுகள் எழாமலில்லை. செல்வமும் ஆட்பலமும் உடைய அரசாங்கங்களுக்கே இவ்வளவு காலம் வேண்டியிருக்க, இரண்டு பேர் நடத்தும் கணினிப் பகுதியைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் திங்கட்கிழமை காலை முடிந்துவிடாதா?" என்று கேட்பது எவ்வளவு பொருந்தும்?

ஜோஹோ நன்றா, வேறொன்று நன்றா, நாமே நடத்துவது நன்றா என்பது இங்கே என் ஆராய்ச்சியன்று. எதற்கு மாறினாலும் மாற்றம் என்னும் செயலுக்கே உரிய ஆபத்துக்கள் சில உள. அவற்றை அறிய வேண்டுமாயின், மெயில் சர்வர் என்பது யாது என்று சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். கலைப்பிரிவு மாணவர்கள் இவ்விடத்தில் ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம்; இதில் கணக்கு ஒன்றும் இல்லை.

மெயில் சர்வர் என்று நாம் ஒருமையிற் கூறினும், அதனுள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, வெளியிலிருந்து வரும் கடிதத்தை வாயிலில் நின்று வாங்குதலும் உள்ளிருந்து போவதை உரிய இடத்துக்கு அனுப்புதலும். மற்றொன்று, வாங்கிய கடிதங்களை அவரவர் பெட்டியில் அடுக்கி வைத்துக் கேட்டபொழுது எடுத்துக் கொடுத்தல். எங்கள் அலுவலகத்திலே முதல் வேலையைப் போஸ்ட்பிக்ஸ் என்னும் மென்பொருளும், இரண்டாவதை டவ்காட் என்னும் மென்பொருளும் செய்கின்றன. டவ்காட் என்றால் புறாக்கூடு. புறாவின் காலிற் கடிதம் கட்டியனுப்பிய காலத்தை நினைந்து பெயரிட்டார் போலும் என்று யான் எண்ணிக்கொள்வதுண்டு.

வாயிலில் நிற்கும் மென்பொருள்கள் ஒன்றோடொன்று உரையாடும் முறையை 1982-இல் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்துக் கொடுத்தார். பின்னர்ச் சில திருத்தங்கள் பெற்று இன்றும் அம்முறையே வழங்குகிறது. அதில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. கடிதம் கொண்டுவரும் சர்வர், சேரவேண்டிய சர்வர் கதவைத் திறவாவிட்டால், கடிதத்தை எறிந்துவிட்டுப் போய்விடாது. தன்னிடமே வரிசையில் வைத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து மீண்டும் வந்து தட்டும். நாலைந்து நாளேனும் இங்ஙனம் முயலவேண்டும் என்பது விதி. ஆதலின், சர்வர் ஒருநாள் முழுவதும் அணைந்து கிடந்தாலும், வரும் கடிதம் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை, காலந்தாழ்த்து வந்துசேரும். எங்கள் மேலாளருக்கு இதை விளக்கியபொழுது அவர் பெரிதும் வியந்தார். சர்வர் அணைவதே பெருங்கேடு என்று அதுவரை எண்ணியிருந்தார்.

பெருங்கேடு வேறிடத்தில் இருக்கிறது. கதவைத் தட்டும் சர்வருக்கு நம் சர்வர் கூறும் மறுமொழி எண்ணால் அமைந்தது. நான்கில் தொடங்கும் எண் கூறினால், "இப்பொழுது இயலாது, பிறகு வா" என்று பொருள். ஐந்தில் தொடங்கும் எண் கூறினால், "இங்கு அப்படி ஒருவர் இல்லை, போ" என்று பொருள். பிந்தியதைக் கேட்ட சர்வர் மறுபடி வாராது. கடிதம் எழுதியவருக்கு அக்கணமே, "அப்படி ஒருவர் இல்லை" என்று அறிவித்துவிடும். இறந்த சர்வர் யாரையும் துரத்துவதில்லை. அரைகுறையாக உயிர்பெற்ற புதிய சர்வரோ, தனக்குத் தெரியாத பெயரையெல்லாம் இல்லையென்று சொல்லித் துரத்திவிடும். அதனிலும் கொடுமை, துரத்தியதை நம்மிடம் வந்து சொல்லவும் சொல்லாது. பதிவேட்டைத் திறந்து பார்த்தாலன்றி நமக்குத் தெரியாது.

எனக்கு நேர்ந்தது இதுவே. மூன்றாம் முறை மாற்றியபொழுது ஊழியர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் பெட்டி அமைத்தேன். எல்லாரும் உள்ளே நுழைந்து பார்த்தனர், பழைய கடிதங்கள் இருந்தன, புதியன வந்தன. மேலாளர் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். ஆனால் ஆட்பெயராக அன்றி வேலைப்பெயராக விளங்கிய சில முகவரிகள் எனக்கு முன் இருந்தவரால் வேறொரு கோப்பிலே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 'சம்பளம்' என்பது அவற்றுள் ஒன்று. அக்கோப்பு ஒன்று உளது என்பதையே யான் அறியேன். அம்முகவரிக்கு வந்த கடிதங்களையெல்லாம் புதிய சர்வர், "இல்லை" என்று திருப்பி அனுப்பியது. எட்டு நாள் சென்றன.

ஒன்பதாம் நாள் காலையில் அனகாபுத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்கள் அலுவலகத்தில் முப்பதாண்டு பதனிடும் பகுதியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆண்டுக்கொருமுறை தம் வைப்புநிதி சம்பந்தமாக மகனுடைய கைபேசியிலிருந்து 'சம்பளம்' முகவரிக்கு எழுதுவது அவர் வழக்கம். இம்முறை எழுதியது திரும்பி வந்துவிட்டது. அந்தத் திருப்பறிக்கையை யாரையோ கொண்டு அச்சிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்த அதை அவரால் படிக்க இயலவில்லை. அயல்வீட்டுப் பிள்ளை படித்துப் பொருள் சொல்லியிருக்கிறான். "தம்பி, கம்பெனியில் என் பேரை எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். கோபம் சிறிதும் இல்லை. எடுத்துவிட்டார்கள் என்றே நம்பி, ஏனென்று கேட்க வந்திருந்தார். "இல்லை ஐயா, தவறு என்னுடையது" என்று நான் சொல்லி, அக்கோப்பு காணாமற்போன கதையை விளக்கினேன். அவருக்கு அது விளங்கியதா என்பது ஐயமே. தேநீர் அருந்திவிட்டுச் சென்றார். அந்த எட்டு நாளில் வேறு யார் யாருக்கு அப்படி 'இல்லை' என்று சொல்லியிருந்தேன் என்று பதிவேட்டைத் தேடியபொழுது, நாற்பத்தொரு கடிதம் கண்டேன். ஒவ்வொருவருக்கும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். சிலரிடமிருந்து இன்றுவரை விடை வரவில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, போஸ்ட்பிக்ஸில் 'சாப்ட் பவுன்ஸ்' என்றொரு விசை உண்டு என்பதைக் கவனமாகப் படித்தேன். அதைத் திருப்பி வைத்தால், சர்வர் 'இல்லை' என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் 'பிறகு வா' என்று சொல்லும். பிழை செய்தாலும் கடிதம் திரும்பிப் போகாது, அனுப்பியவரிடமே காத்துக்கிடக்கும். நிர்வாகி அதற்குள் பதிவேட்டைப் பார்த்துப் பிழையைத் திருத்திவிடலாம். இதனை ஆக்கிய வீட்ஸே வெனேமா, மாற்றுகிறவன் தவறு செய்வான் என்று முன்னரே எண்ணி இதை வைத்திருக்கிறார். அவ்வறிஞர் செய்த மற்றொன்றும் சொல்லத்தக்கது. 2015-இல் வெளியான 3.0 பதிப்பிலே, மென்பொருளின் இயல்பான நடத்தைகள் சில மாற்றப்பட்டன. ஆயினும் பழையதிலிருந்து புதியதற்கு ஏறுபவர் மேல் அவை திணிக்கப்படவில்லை. புதியதை நிறுவினாலும் பழைய முறையிலேயே அது ஓடும். எந்த இடத்தில் பழைய முறையைச் சார்ந்திருக்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதிக் காட்டும். நிர்வாகி பார்த்து, ஆயத்தமானபின், ஓர் எண்ணை மாற்றினால் மட்டுமே புதுமுறை நடைபெறும்.

டவ்காட் வேறு வழியிற் சென்றது. பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனன் 2002-இல் வெளியிட்ட இம்மென்பொருள் உலகின் பலகோடி அஞ்சற்பெட்டிகளைத் தாங்கி நிற்பது. அதன் தரத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆனால் 2025 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பு, பழைய 2.3-இன் அமைவுக் கோப்பை ஏற்பதில்லை. கடிதங்கள் எங்கே உள்ளன என்று ஒரே வரியிற் சொல்லிவந்ததை இப்பொழுது இருவேறு வரியாகச் சொல்லவேண்டும். கோப்பின் தலைப்பிலேயே இது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று குறிக்கவேண்டும். இரண்டு சர்வர்கள் ஒன்றையொன்று பார்த்து நகல் வைத்துக்கொள்ளும் பழைய வசதி நீக்கப்பட்டுவிட்டது. இதை நம்பி இரட்டைச் சர்வர் வைத்திருந்தோர் வேறு வழி தேடவேண்டும். எங்கள் இயந்திரங்களில் ஓடுவது டெபியன் என்னும் இயக்குதளம். அதன் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டு 9-ஆம் தேதி வெளிவந்தது. அதனோடு டவ்காட் 2.4 வருகிறது. இயக்குதளத்தைப் புதுப்பிக்கலாம் என்று இரவில் ஒரு கட்டளை இட்டுவிட்டுத் தூங்கப் போகும் நிர்வாகி, காலையில் புறாக்கூடு திறவாது நிற்பதைக் காண்பார். உதிரி இயந்திரமொன்றில் யான் சோதித்தபொழுது அவ்வாறே நின்றது. எனக்கு வருத்தமில்லை, உதிரி இயந்திரத்திலே நின்றது என்பதே காரணம். தெரியாததைத் தெரிந்ததுபோல் நடித்து ஓடுவதைவிட, ஓடமாட்டேன் என்று நிற்கும் மென்பொருள் நேர்மையுடையது என்றே கொள்கிறேன்.

நிற்க. இதுவரை படித்தோர், இவன் பழையதைக் கட்டிக்கொண்டு அழுபவன் என்று முடிவு செய்திருக்கலாம். அப்படிப்பட்ட நிர்வாகிகள் இருக்கிறார்கள். அவர்களால் விளையும் கேடு சிறிதன்று. "ஓடுவதை ஏன் தொடவேண்டும்?" என்பது அவர்கள் மந்திரம். 1988 நவம்பர் 2-ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் விட்ட நச்சுநிரல், அக்காலத்து இணையத்தின் ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கிற்று என்று மதிப்பிட்டனர். அது நுழைந்த வாயில்களுள் ஒன்று சென்ட்மெயில் என்னும் மெயில் சர்வர். சோதனைக்கென வைத்த கதவொன்றைப் பலர் மூடாமல் விட்டிருந்தனர்; அது ஓடிக்கொண்டுதானிருந்தது, ஆதலின் யாரும் தொடவில்லை. 2021 மார்ச்சு மாதத்தில் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் நான்கு ஓட்டைகள் வெளிப்பட்டு, உலகெங்கும் பல்லாயிரம் அலுவலகங்களின் கடிதங்கள் களவாடப்படும் நிலை வந்ததே, அப்பொழுதும் திருத்தம் வெளியான பின்னரும் பல வாரம் இடாதவர் பலர்.

இவற்றினும் என்னை நெடுநாள் சிந்திக்கச் செய்தது அமெரிக்காவின் ராக்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு நேர்ந்தது. பிறருக்காக எக்ஸ்சேஞ்ச் சர்வர் நடத்திக் கொடுப்பது அதன் தொழில்களில் ஒன்று. 2022 நவம்பரில் மைக்ரோசாப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதை இட்டால் வேறு இடையூறுகள் உண்டாகின்றன என்று சில செய்திகள் உலவின. ஆதலின் ராக்ஸ்பேஸ் பொறுத்திருந்தது. இடைக்காலப் பாதுகாப்பு ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டது. டிசம்பர் 2-ஆம் தேதி, அப்பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு வந்த கொள்ளையர் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டனர். ஏறத்தாழ 30,000 வாடிக்கையாளர் கடிதமின்றித் தவித்தனர். அந்நிறுவனம் அச்சேவையை மீண்டும் தொடங்கவேயில்லை. வாடிக்கையாளரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டது. அவர்கள் செய்ததும் எச்சரிக்கைதான். யானும் அந்நாளில் அவ்விடத்தில் இருந்திருந்தால் அதையே செய்திருப்பேன் என்று அஞ்சுகிறேன்.

பழையதிலேயே இருந்தாலும், ஒன்றும் தொடாமலேயே இருந்தாலும், காலம் தானே மாற்றிவிடுவதுமுண்டு. 2022 ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு பிறந்த கணத்தில், பற்பல அலுவலகங்களின் எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள் கடிதங்களை வாங்கி உள்ளேயே வைத்துக்கொண்டு விநியோகிக்காமல் நின்றன. நச்சுநிரல் சோதிக்கும் பகுதி, தேதியை 2201010001 என்ற ஓர் எண்ணாக எழுத முயன்றது. அதற்கு ஒதுக்கிய இடத்தில் 2147483647-க்கு மேல் எழுத இயலாது. யாரும் எதையும் மாற்றவில்லை. ஆண்டு மட்டும் மாறிற்று.

ஆகவே எச்சரிக்கை என்பது தள்ளிப்போடுதல் அன்று. பின் யாது? என் கருத்தைப் பொழிச்சலூர்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு அடுத்ததே மீனம்பாக்கம் விமான நிலையம். ஓடுபாதையொன்று அடையாற்றின் மேற் பாலமாக நீண்டு வருகிறது. விமானம் இறங்குவதையும் ஏறுவதையும் கண்டே எங்கள் பிள்ளைகள் வளர்கின்றனர். 2024 நவம்பர் 30-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் வீசிய நாளில், சென்னையில் இறங்க வந்த ஒரு விமானம் தரையைத் தொடும் தறுவாயில் காற்றால் ஒருபுறம் சாய்ந்தது. விமானி இறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலே எழுந்தார். அப்படத்தை நம்மிற் பலர் கைபேசியிற் கண்டிருப்பர். அவரை யாரேனும் கோழை என்றனரா? இறங்கத் தொடங்கும் ஒவ்வொரு விமானியும் மேலே எழும் வழியை மனத்தில் வைத்துக்கொண்டே இறங்குகிறார். எந்த உயரத்தில் முடிவு செய்யவேண்டும் என்பதையும் முன்னமே குறித்துக்கொள்கிறார். அதுவே யான் எச்சரிக்கை என்று கருதுவது: திரும்பி வரும் வழியை முதலில் அமைத்துவிட்டு, பின்னர்த் தயங்காமல் புறப்படுதல்.

மெயில் சர்வரில் இவ்வழியை அமைப்பது, விசையைப் பழையபடி திருப்பிவிடுவதுபோல் அத்துணை எளிதன்று. நம் முகவரிக்கு வரும் கடிதம் எந்தச் சர்வருக்குப் போகவேண்டும் என்பதை இணையத்தின் பெயரேட்டில் எம்எக்ஸ் என்னும் வரி சொல்கிறது. அதை உலகெங்கும் உள்ள கணினிகள் ஒருமுறை பார்த்தால் சிறிதுகாலம் நினைவில் வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒருநாள் என்று, அதாவது 86,400 விநாடி என்று, எழுதி வைத்திருப்பர். மாற்றுவதற்கு இரண்டொரு நாள் முன்னரே அதை 300 விநாடியாகக் குறைத்து வைத்தால், தவறு கண்டவுடன் ஐந்து நிமிஷத்தில் பழைய இடத்துக்குத் திரும்பலாம். குறைக்க மறந்தவர் ஒருநாள் காத்திருக்கவேண்டும். அந்நாள் முழுவதும் கடிதங்கள் பாதி அங்கும் பாதி இங்குமாகச் சேரும். இது ஒரு வரி வேலை. இதை மறந்து அல்லற்பட்டவர்களை எண்ணினால் வியப்பாக இருக்கும். திரும்பி வந்த பின்னரும், இடைக்காலத்தில் புதிய சர்வரில் விழுந்த கடிதங்களைப் பழையதற்குக் கொண்டுவர வேண்டும். ஒருநாளில் திரும்பினால் சில நூறு கடிதம். ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் அது மற்றொரு குடிபெயர்ச்சி. ஆதலின் இன்ன தேதிக்குள் திரும்புவோம், அதன்பின் திரும்பமாட்டோம் என்று எழுதி மேலாளரிடம் கையொப்பம் வாங்கிவிடுதல் நல்லது.

வெளியே போகும் கடிதத்துக்கும் இடர் உண்டு. புதிய சர்வருக்குப் புதிய எண்முகவரி. அதை உலகம் அறியாது. இன்ன சர்வர்களே எங்கள் பெயரால் அனுப்பலாம் என்று பெயரேட்டில் நாம் முன்பு எழுதியதைத் திருத்த மறந்தால், நம் கடிதமே போலிக் கடிதமாகக் கருதப்பட்டுக் குப்பைப்பெட்டிக்குச் செல்லும். 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும், மிகுதியாகக் கடிதம் அனுப்புவோர் விஷயத்தில், இவ்விதிகளைக் கடுமையாக்கிவிட்டன. அட்மிஷன் காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்க்கு எழுதும் கல்லூரிகள் இதை மறத்தல் ஆகாது.

பேக்கப் பற்றி நீட்டி எழுத வேண்டுவதில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி அடையாறு பெருகியபொழுது எங்கள் தெருவில் மார்பளவு நீர் நின்றது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் சர்வரும் பேக்கப் வட்டும் தரைத்தளத்தில் ஒரே அலமாரியின் இரு தட்டுக்களில் இருந்தன. அவ்வளவே.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். கல்லூரி நிர்வாகத்தில் எனக்கு இடமில்லை. பழைய மாணவன் என்ற உரிமையிற் சொல்கிறேன். கல்வி நிலையங்களுக்குக் கூகிள் அளவின்றி இலவசமாக அளித்து வந்த சேமிப்பிடத்தை, 2021 பிப்ரவரியில் அறிவித்து, 2022 ஜூலை முதல் நிலையம் ஒன்றுக்குப் பொதுவாக 100 டெராபைட் என்று வரையறுத்தது. அதன்பின் உலகெங்கும் பல கல்லூரிகள் இடத்தை மிச்சப்படுத்த முதலில் கைவைத்தது பழைய மாணவர்களின் பெட்டிகள் மேலேதான். கணக்குப் பார்ப்பவர்க்கு அஃது இயல்பாகத் தோன்றும். படிப்பு முடித்துப் போனவருக்கு இனிப் பெட்டி எதற்கு? ஆனால் அம்முகவரியைக் கொடுத்தே ஒருவர் வங்கிக் கணக்குத் தொடங்கியிருப்பார். வேறொருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருப்பார். தம் ஆசிரியர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தை இன்னொருவர் அங்கேதான் வைத்திருப்பார். ஆசிரியர் காலமாகியிருக்கலாம்.

எக்கல்லூரியேனும் மென்பொருளை மாற்ற நேர்ந்தால், மாற்றட்டும். இடம் போதாதெனில் பழைய பெட்டிகளை மூடவும் செய்யட்டும். ஆனால் மூடுவதற்கு ஓராண்டு முன்னர், ஒருமுறையன்று பலமுறை, அறிவிக்க வேண்டும். கடிதங்களை எடுத்துச் செல்லும் வழியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும். பெட்டி போனாலும் முகவரிக்கு வரும் கடிதத்தை அவர் சொல்லும் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இருக்க வேண்டும். திருப்பிவிடுதற்கு இடம் வேண்டியதில்லை. ஒரு வரி போதும். ஒருவருக்கு இருந்த முகவரியை அதே பெயருள்ள புதிய மாணவருக்கு ஒருபோதும் கொடுத்தலாகாது. பழையவருடைய வங்கிக் கடவுச்சொல் புதியவர் கைக்குப் போய்ச்சேர அதுவே வழியாகும். மேலும், தேர்வு மாதத்திலும் அட்மிஷன் மாதத்திலும் இவ்வேலையைத் தொடுதல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகவரியின் பின்பாதியாகிய கல்லூரியின் பெயர் கல்லூரிக்கே சொந்தமாக, கல்லூரியின் கையிலேயே பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். அது நம் கையில் இருக்கும்வரை, மென்பொருள் எதுவாயினும், நிறுவனம் எதுவாயினும், பிடிக்காவிடில் வேறிடம் போகலாம். டில்லி செய்ததும் அதுவே. பெயரையும் விற்பவர் கையிற் கொடுத்துவிட்டவர்க்குத் திரும்பும் வழி இல்லை.

எங்கள் அலுவலகத்து மாற்றம் எந்நிலையில் உள்ளது என்று கேட்பவர்க்குக் கூறுகிறேன். டவ்காட் 2.4-க்குரிய கோப்பைப் புதிதாக எழுதி, உதிரி இயந்திரத்தில் இரண்டு மாதமாக ஓட்டிப் பார்க்கிறேன். வேலைப்பெயர் முகவரிகள் இருபத்தாறும் அதில் ஏறிவிட்டன, 'சம்பளம்' முதலாவது. எங்கள் சர்வரின் வழியாகக் கடிதம் அனுப்புவோர் யாவர் என்று பதிவேட்டைக்கொண்டு ஒரு பட்டியல் எடுத்தேன். மனிதரைத் தவிர பதினேழு இயந்திரங்கள் அனுப்புகின்றன: நகலெடுக்கும் இயந்திரம், வருகைப்பதிவு இயந்திரம், ஜெனரேட்டர் அறையின் எச்சரிக்கைக் கருவி, கழிவுநீர்த் தொட்டியின் அளவுமானி, இப்படி. ஒவ்வொன்றிலும் பழைய சர்வரின் எண்முகவரி எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் போய்த் திருத்தவேண்டும். பதினாறைக் கண்டுபிடித்துவிட்டோம். பதினேழாவது இயந்திரம் நாள்தோறும் இரவு இரண்டு மணிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. பொருள் வரியில் 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. யாருக்குப் போகிறதோ அவர் 2019-இல் வேலையை விட்டுச் சென்றவர். அஃது எந்த அறையில், எந்த மேசையின் அடியில் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மாற்றும் தேதியை மேலாளர் கேட்டார். அதைக் கண்டபின் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.